அலசூர்த் தம்பிகளும் எஸ்.எல்.ஆர். துப்பாக்கியும்

அலசூர் ஏரியைச் சுற்றிக் காலையில் நடக்கிறவர்களுக்கு எம்.இ.ஜி. வளாகத்தின் மதில் பழக்கமான ஒன்று. 1780-இல் மெட்ராஸ் பயனியர்கள் என்ற பெயரில் தொடங்கி, 1834-இல் பெங்களூருக்கு வந்து சேர்ந்த மெட்ராஸ் சாப்பர்களின் தலைமையகம் அது. இந்தியப் படை முழுவதிலும் இவர்களுக்கு ஒரே பெயர்தான்: 'தம்பி'. பஞ்சாபியும் சொல்வான் 'தம்பி', கூர்க்காவும் சொல்வான் 'தம்பி'. அலசூர், மர்ஃபி டவுன், காக்ஸ் டவுன் பகுதிகளில் நம்மவர் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த ஊரில் வேர் பிடித்ததே அந்த மதிலுக்குள் வேலை கிடைத்ததால்தான். என் தகப்பனாரும் அப்படி வந்தவர். 1959-இல் வட ஆற்காடு மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ரயிலேறி வந்து சேர்ந்தார்.

அவர் கையில் முதலில் கொடுக்கப்பட்டது 'த்ரீ நாட் த்ரீ'. சில ஆண்டுகள் கழித்து அதை வாங்கிக்கொண்டு எஸ்.எல்.ஆர். கொடுத்தார்கள். "பழசு சொன்ன பேச்சைக் கேக்கும், புதுசு அடிச்சா தோளு ரெண்டு நாளைக்கு மறக்காது" என்பது அவருடைய மதிப்பீடு. சின்ன வயதில் இதைக் கேட்டுச் சிரித்தேன். பிற்காலத்தில் நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோதுதான், அந்த ஒரு துப்பாக்கியை மாற்றி இன்னொன்றைக் கொடுப்பதற்குப் பின்னால் எத்தனை தேசங்களின் பஞ்சாயத்து இருந்தது என்பது புரிந்தது. அதை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

வெளிநாட்டு ஆயுதத்தை வாங்குவதா, ஆளைக் கூட்டிவந்து இங்கேயே செய்வதா என்ற கேள்வி இந்த மைசூர்ச் சீமைக்குப் புதிதல்ல. திப்பு சுல்தான் 1787-இல் பிரான்சுக்குத் தூது அனுப்பினார். மறு ஆண்டு அவர்கள் பதினாறாம் லூயி மன்னரைப் பார்த்தார்கள். படைத் துணையோடு கைவினைஞர்களையும் கேட்டார்கள். படை வரவில்லை, தொழிலாளிகள் சிலர் வந்தார்கள். ஆக, சரக்கைவிடத் தொழில்தான் வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கே இருந்திருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் அந்த த்ரீ நாட் த்ரீ. ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 303 பங்கு என்பது அதன் குழல் விட்டம், அதாவது காலிபர். மில்லிமீட்டரில் சொன்னால் 7.7. லீ-என்ஃபீல்டு எனப்படும் இந்தத் துப்பாக்கியைக் கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் உள்ள ஈஷாப்பூர் தொழிற்சாலையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே செய்துவந்தார்கள். இரண்டு உலகப் போர்களிலும் நம் சிப்பாய்கள் சுமந்தது அதுதான். மேகஸினில் 10 தோட்டா. ஒவ்வொரு முறை சுட்டதும் போல்ட்டை மேலே தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே அமுக்க வேண்டும். நல்ல பயிற்சி உள்ளவன் நிமிடத்துக்குப் பதினைந்து குண்டு குறிபார்த்துச் சுடுவான். அதன் தோட்டாவுக்கு அடியில் விளிம்பு ஒன்று உண்டு. அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் மாட்டிக்கொள்ளும். கையால் போல்ட் இழுக்கிற துப்பாக்கியில் இதைச் சமாளிக்கலாம். தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிற துப்பாக்கியில் இந்த விளிம்பு பெரிய தொல்லை. பழைய தோட்டாவை வைத்துக்கொண்டு புதிய துப்பாக்கிக்குப் போக முடியாமைக்கு இது முக்கியமான காரணம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தவுடன் எல்லா நாடுகளும் 'செல்ஃப் லோடிங்', அதாவது தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியைத் தேடத் தொடங்கின. குண்டு வெளியேறும்போது வெடிவாயுவின் ஒரு பகுதியைத் திருப்பிவிட்டு, அதன் அழுத்தத்தால் காலித் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை உள்ளே இழுப்பது அதன் தத்துவம். வீரன் செய்ய வேண்டியது விசையை அழுத்துவது மட்டும். பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்தில் த்யுதொன்னே சேவ் என்ற பொறியாளர் வடிவமைத்த 'ஃபால்' துப்பாக்கி இந்த வரிசையில் தலைசிறந்ததாக அமைந்தது. பிற்காலத்தில் சுமார் 90 நாடுகளின் படைகள் அதை ஏந்தின.

துப்பாக்கி அமைந்துவிட்டது, எந்தத் தோட்டாவை அது சுட வேண்டும் என்பதில்தான் சண்டை. இங்கிலாந்துக்காரர்கள் 7 மி.மீ. அளவில், அதிகம் உதைக்காத சிறிய தோட்டா போதும் என்றார்கள். அதற்கென்றே 1951-இல் ஒரு துப்பாக்கியையும் ஏற்றுக்கொண்டார்கள். அமெரிக்கர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. முழு வலிமையுள்ள 7.62 மி.மீ. தோட்டாதான் நேட்டோ நாடுகளுக்கெல்லாம் பொது என்று பிடிவாதம் பிடித்தார்கள். சர்ச்சில் மீண்டும் பிரதமரான பிறகு இங்கிலாந்து தன் துப்பாக்கியைக் கைவிட்டு, அமெரிக்கத் தோட்டாவையும் பெல்ஜியத் துப்பாக்கியையும் ஏற்றுக்கொண்டது. 1954-இல் 7.62 × 51 நேட்டோவின் பொதுத் தோட்டாவாயிற்று. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கா ஃபாலை வாங்காமல் 1957-இல் தன் சொந்த எம்-14 துப்பாக்கியை எடுத்துக்கொண்டது. அடுத்த பத்தாண்டுக்குள் அந்தத் தோட்டாவையே விட்டுவிட்டு 5.56 மி.மீ. சிறு தோட்டாவுக்குத் தாவிவிட்டது. பந்திக்குக் கூப்பிட்டவரே பாதியில் இலையை மடித்துவிட்டு எழுந்து போன கதை.

இங்கே வாசகர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 7.62 என்ற எண்ணைக் கேட்டு ஏமாறக் கூடாது. ரஷ்யக் கலாஷ்னிகோவ் தோட்டாவும் 7.62 தான். ஆனால் அதன் கூட்டின் நீளம் 39 மி.மீ., நேட்டோவினுடையது 51 மி.மீ. நீளம் கூடினால் மருந்து கூடும், வேகம் கூடும், தூரம் கூடும், தோளில் விழும் உதையும் கூடும். இதன் துப்பாக்கியில் அதன் தோட்டா போகாது. பெயர் ஒன்றாக இருப்பதால் உறவென்று நினைத்துவிட வேண்டாம்.

இனி நம் கதைக்கு வருவோம். 1950-களின் இறுதியில் இந்தியப் படையும் மாற்றத்தைப் பற்றி யோசித்தது. நேரு காலத்து இந்தியா எந்த அணியிலும் சேராத நாடு. ஆனாலும் தேர்ந்தெடுத்தது நேட்டோவின் தோட்டாவை. அதில் அதிசயம் இல்லை என்றே நான் நினைக்கிறேன். நம் படையின் பயிற்சி, பழக்கம், பட்டறை எல்லாம் பிரிட்டிஷ் வழியில் வந்தவை. பழைய காமன்வெல்த் நாடுகள் பலவும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தன. பெல்ஜியம், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா மூன்று இடத்து மாதிரிகளையும் தருவித்துச் சோதித்தார்கள். உரிமம் வாங்கிச் செய்வதற்கான பேச்சு கைகூடவில்லை. உடனே புனேயிலுள்ள ஏ.ஆர்.டி.இ. ஆய்வகத்தார் அந்த மாதிரிகளைப் பிரித்துப்போட்டு, அளந்து, தாங்களே ஒரு வரைபடத்தைத் தயாரித்துவிட்டார்கள்! பெல்ஜியத்துத் துப்பாக்கி மில்லிமீட்டர் கணக்கு, இங்கிலாந்துத் துப்பாக்கி அங்குலக் கணக்கு. நம்முடையது இரண்டுக்கும் நடுவில் ஒரு தனிப் பிறவி. பாகங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட முடியாது. எஃப்.என். நிறுவனம் பின்னால் ஆட்சேபம் தெரிவிக்க, அவர்களிடமிருந்து கொஞ்சம் ஆயுதங்களை வாங்கிச் சமாதானம் செய்துகொண்டார்கள். இது திறமையா திருட்டா என்று நண்பர்கள் வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். இரண்டும்தான் என்பது என் கட்சி.

இந்தியத் துப்பாக்கியில் ஒரு விசேஷம் உண்டு. அதன் மரப் பின்கட்டையில் பழைய லீ-என்ஃபீல்டின் உலோகத் தகட்டையே பொருத்தினார்கள். அந்தத் தகட்டில் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்தால் உள்ளே எண்ணெய்ச் சீசாவும், குழலைத் துடைக்கிற 'புல்-த்ரூ' கயிறும் இருக்கும். "புதுத் துப்பாக்கியைக் கையில வாங்கினதும் எல்லாரும் முதல்ல அந்தக் கதவைத்தான் திறந்து பார்த்தோம், அது பழசு மாதிரியே இருந்ததில ஒரு சந்தோஷம்" என்று அப்பா சொல்வார். புது வீடு கட்டினாலும் பழைய வீட்டு நிலைக்கதவைக் கொண்டுவந்து வைப்பதில்லையா, அதுபோல.

இன்னொரு முக்கியமான முடிவும் இருந்தது. மூல ஃபால் துப்பாக்கியில் விசையைப் பிடித்தபடியே இருந்தால் தோட்டாக்கள் சரமாரியாகப் போகும் வசதி உண்டு. பிரிட்டிஷார் அதை வெட்டிவிட்டார்கள், நாமும் வெட்டிவிட்டோம். ஒரு விசைக்கு ஒரு குண்டு. அவ்வளவு வலிமையான தோட்டாவைச் சரமாரியாகச் சுட்டால் குழல் வானத்தைப் பார்க்கும், தோட்டாவும் விரயம் என்பது காரணம். 1982-இல் ஃபாக்லாந்துப் போரில் ஒரே துப்பாக்கியின் இரண்டு வடிவங்கள் எதிரெதிரே நின்றன. அர்ஜென்டினாவிடம் சரமாரி வகை, பிரிட்டிஷாரிடம் ஒற்றைக் குண்டு வகை. வென்றது ஒற்றைக் குண்டு. ஆனால் அது மரமில்லாத பரந்த வெளி. காட்டிலும் தெருவிலும் நிலைமை வேறு என்பதை நாம் பின்னால் யாழ்ப்பாணத்தில் கற்றுக்கொண்டோம்.

தேர்வெல்லாம் முடிந்தது, துப்பாக்கி மட்டும் வரவில்லை. அந்த நேரத்தில்தான் 1962 அக்டோபர் 20 அன்று சீனப் படை இறங்கியது. நம் வீரர்கள் கையில் இருந்தது போல்ட் இழுக்கும் த்ரீ நாட் த்ரீ. சீனரிடம் இருந்தவற்றில் பெரும்பகுதி 1956-இல் அவர்கள் ரஷ்ய மாதிரியைப் பார்த்துச் செய்த தானேற்றித் துப்பாக்கிகள். அந்த ஆண்டுகளில் கிருஷ்ண மேனனின் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகள் காபி வடிக்கும் பாத்திரம் செய்துகொண்டிருந்தன என்று எதிர்க்கட்சியினர் கேலி பேசினார்கள். காபி விஷயத்தில் நாம் யாரையும் குறை சொல்லக்கூடாதுதான். இருந்தாலும் அந்தக் கேலி வலித்தது. தோல்விக்குத் துப்பாக்கி மட்டும் காரணமல்ல. குளிர் உடை இல்லை, சாலை இல்லை, யோசனை இல்லை. ஏழாவது பிரிகேடின் தலைவராக இருந்து சிறைப்பட்ட பிரிகேடியர் தால்வி 1969-இல் எழுதிய 'ஹிமாலயன் பிளண்டர்' நூலைப் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

போருக்குப் பிறகு வேகம் பிறந்தது. எஸ்.எல்.ஆர். போதுமான அளவு வரும்வரை இடைக்கால ஏற்பாடாக, பழைய லீ-என்ஃபீல்டு வடிவத்தையே புதிய 7.62 தோட்டாவுக்கு மாற்றி ஈஷாப்பூரில் செய்தார்கள். பிரென் மெஷின்கன்னையும் அதே தோட்டாவுக்கு மாற்றினார்கள். ஒரு படைக்கு ஒரே தோட்டா என்பது சமையலறையில் ஒரே அளவு மூடி எல்லாப் பாத்திரத்துக்கும் பொருந்துவது போன்ற நிம்மதி. (அந்த இடைக்கால ஈஷாப்பூர் துப்பாக்கிகள் பிற்காலத்தில் பழைய சரக்காக அமெரிக்கக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே நம் பிள்ளைகள் அதைப் பணம் கொடுத்து வாங்கலாம். அதே துப்பாக்கியை இங்கே ஒரு குடிமகன் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது. படையின் தோட்டா குடிமக்களுக்கு இல்லை என்ற பிரிட்டிஷ் காலத்துக் கொள்கையின் தொடர்ச்சி அது. வேட்டைக்காரர்களுக்கென்று .315 என்ற தனித் தோட்டா வழங்கியதே அதனால்தான்.)

தமிழ்நாட்டுக்கு இதில் வந்த பங்கு பெரியது. 1966-இல் திருச்சிக்கு அருகே, திருவெறும்பூர்ப் பக்கம் நவல்பட்டில் துப்பாக்கித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. எஸ்.எல்.ஆர். அங்கே செய்யப்பட்டது. திப்பு கேட்ட தொழில் கடைசியில் காவிரிக் கரைக்கு வந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. மரம் இழைக்கிறவர், குழல் கடைகிறவர், சோதித்துச் சுடுகிறவர் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதனால் பிழைத்தன. எங்கள் உறவுக்காரர் ஒருவர் அங்கே கடைசல் வேலை பார்த்தார். கல்யாண வீடுகளில் அப்பாவும் அவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தால் பேச்சு அந்தத் துப்பாக்கியைப் பற்றித்தான். "மாமா, நீங்க செஞ்சதைத்தான் நான் சுமக்கிறேன், கொஞ்சம் எடையைக் குறைக்கக் கூடாதா?" என்பார் அப்பா. "மாப்பிள்ளை, நான் குறைச்சா அது உடையும்" என்பார் அவர். தோட்டா இல்லாமலே 4 கிலோவுக்கு மேல், நீளம் ஒரு மீட்டருக்கு மேல். ராஜஸ்தான் மணலில் 1971-இல் அந்த நீளமும் வலிமையும் வரமாக இருந்திருக்கும். எல்லா இடமும் ராஜஸ்தான் இல்லையே.

1987 ஜூலை 29 அன்று இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதிப்படை யாழ்ப்பாணம் போயிற்று. அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போர் மூண்டது. இந்தப் பகுதியை எழுதும்போது கை தயங்குகிறது; எழுதாமல் விடவும் முடியவில்லை. சென்ற படைகளில் மெட்ராஸ் ரெஜிமென்ட் பட்டாலியன்களும் இருந்தன. இந்தப் பக்கம் திருச்சியில் தமிழ்க் கைகள் செய்த எஸ்.எல்.ஆர். அதைச் சுமந்தவர்களில் தமிழ் இளைஞர்களும் உண்டு. அந்தப் பக்கம் கலாஷ்னிகோவ் வகைத் துப்பாக்கியோடு தமிழ் இளைஞர்கள். 1983-க்குப் பிறகு போராளிக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்ததும் இந்தியாதான் என்பதையும் மறைப்பதற்கில்லை.

தோட்டக் குடியிருப்புகள், பனை வேலிகள், ஒழுங்கைகள். ஐம்பது அடிக்குள் நடக்கிற சண்டையில் நீளமான, ஒற்றைக் குண்டுத் துப்பாக்கி இடைஞ்சல். கலாஷ்னிகோவ் நீளம் 90 சென்டிமீட்டருக்கும் குறைவு, மேகஸினில் 30 தோட்டா, எஸ்.எல்.ஆரில் 20. விசையைப் பிடித்தால் மழை. அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி வீரர்கள் 30 பேரில் 29 பேர் மடிந்தார்கள். ஒருவர் பிடிபட்டார். தோட்டா தீர்ந்த பிறகு எஞ்சியவர்கள் துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு பாய்ந்தார்கள் என்று பதிவுகள் சொல்கின்றன.

நவம்பர் 25 அன்று இரவு எட்டாவது மஹார் பட்டாலியனின் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் குழு தேடுதல் முடிந்து திரும்பும்போது சூழப்பட்டது. அவர் பம்பாயில் பிறந்த தமிழர், நம்மைப்போல வெளிமாநிலத்துத் தமிழர். கைகலப்பில் எதிராளி ஒருவன் அவர் மார்பில் சுட்டான். அவர் அந்தத் துப்பாக்கியையே பிடுங்கி அவனைச் சுட்டார். அதன் பிறகும் ஆணை கொடுத்துக்கொண்டிருந்து உயிர்விட்டார். அவருக்குப் பரம் வீர் சக்கரம் கிடைத்தது. அந்தச் செய்தி வந்த அன்று அப்பா வானொலியை அணைத்துவிட்டு, "ரெண்டு பக்கமும் நம்ம பசங்க" என்று மட்டும் சொன்னார். இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

அமைதிப்படை 1990 மார்ச்சில் திரும்பியது. சுமார் 1,200 வீரர்கள் திரும்பவில்லை. கலாஷ்னிகோவைக் கண்ணால் கண்ட படை இனி எஸ்.எல்.ஆரோடு இருக்க விரும்பவில்லை. அவசரத் தேவைக்கு 1990-களின் தொடக்கத்தில் வெளிநாடுகளிலிருந்து ஏ.கே. வகைத் துப்பாக்கிகள் இறக்குமதியாயின. நிரந்தரத் தீர்வாக ஏ.ஆர்.டி.இ. உருவாக்கிய 5.56 மி.மீ. 'இன்சாஸ்' வந்தது. இங்கே ஒரு கணக்குப் பார்ப்போம். 7.62 × 51 தோட்டா ஒன்று சுமார் 24 கிராம். 5.56 தோட்டா சுமார் 12 கிராம். நூறு தோட்டா சுமந்தால் ஒன்றேகால் கிலோ மிச்சம். இல்லையென்றால் அதே எடையில் இரண்டு மடங்கு தோட்டா. அப்பா இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, "நாங்க சுமந்தப்போ யாருக்கும் கணக்கு வரலியே" என்றார்.

இன்சாஸும் நிம்மதி தரவில்லை. 1999-இல் கார்கில் குளிரில் அதன் பிளாஸ்டிக் மேகஸின்கள் விரிசல் விட்டன. எதிரி குண்டு பட்டும் எழுந்து வருகிறான் என்று காஷ்மீரிலிருந்து புகார். பிறகு ஒரே துப்பாக்கியில் குழலை மாற்றி 5.56-உம் 7.62 × 39-உம் சுடலாம் என்று 2011-இல் ஒரு டெண்டர் விட்டார்கள். இரண்டு குதிரையில் கால் வைத்த அந்த யோசனை 2015-இல் ரத்தானது. ஈஷாப்பூர் செய்து காட்டிய 7.62 × 51 துப்பாக்கி 2017 சோதனையில் தேறவில்லை.

கடைசியில் 2019 பிப்ரவரியில் அமெரிக்காவின் சிக் சாவர் நிறுவனத்திடம் 7.62 × 51 அளவில் 72,400 சிக்-716 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 2024-இல் மேலும் 73,000. அதாவது, 1954-இன் தோட்டாவுக்கே திரும்பி வந்துவிட்டோம். எல்லைக் கோட்டில் தூரத்திலிருந்து ஒரே குண்டில் வீழ்த்த அது வேண்டுமாம். மற்றவர்களுக்கு உத்தரப் பிரதேசம் அமேதி மாவட்டம் கோர்வாவில் ரஷ்யக் கூட்டில் செய்யும் ஏ.கே.-203. 2021 டிசம்பரில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவற்றுக்கு ஒப்பந்தம். அதன் தோட்டா 7.62 × 39. சீனர்கள் 1962-இல் நம்மைச் சுட்ட அதே தோட்டா என்பதை யாராவது கவனித்தார்களோ என்னவோ.

த்ரீ நாட் த்ரீ அவ்வளவு சுலபத்தில் போய்விடவில்லை. 2008 நவம்பரில் மும்பை ரயில் நிலையத்தில் காவலர்கள் ஏ.கே. வகைத் துப்பாக்கிகளை எதிர்த்தது அதோடுதான். உத்தரப் பிரதேசக் காவல்துறை அதற்கு 2020 குடியரசு நாள் அணிவகுப்பில்தான் விடை கொடுத்தது. திருச்சித் தொழிற்சாலை 2021 அக்டோபரில் பழைய வாரியம் கலைக்கப்பட்டபின் கான்பூரைத் தலைமையகமாகக் கொண்ட அரசு நிறுவனம் ஒன்றின் கீழ் வந்துவிட்டது. 'திருச்சி அசால்ட் ரைபிள்' என்று ஊர்ப் பெயரோடு ஒரு துப்பாக்கியையும் அது செய்திருக்கிறது. நம் பெங்களூரிலும் எஸ்.எஸ்.எஸ். டிஃபன்ஸ் என்ற தனியார் நிறுவனம் நெடுந்தூரம் சுடும் துப்பாக்கி செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறது.

அப்பா ஓய்வு பெற்ற நாளில் துப்பாக்கியைக் 'கோத்'தில், அதாவது ஆயுத அறையில், ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். கட்டையில் பொறித்திருந்த எண்ணைக் கடைசிவரை மறக்கவில்லை. பேரப்பிள்ளைகளின் டெலிபோன் நம்பரை எத்தனை முறை சொன்னாலும் மறந்துபோகும். இதைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்.